வீட்டு வரி பாக்கி நின்றுவிட்டால்: கழுகுமலை வட்டாரத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வரி கட்டாவிட்டால் வீட்டை ஏலம் விட்டுவிடுவார்களா? கரிசல் காட்டு ஊர்களில் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலர் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் பிழைப்பவர்கள். திருப்பூரிலோ கோவையிலோ வளைகுடாவிலோ இருப்பார்கள். வீடு தாத்தா பெயரில் இருக்கும். கடைசியாக வரி கட்டியது யார், எந்த வருஷம் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஊரிலிருந்து யாரோ போன் செய்து, கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது என்று சொன்ன பிறகுதான் பயம் பிடித்துக்கொள்ளும்.

பயப்படுவதைவிடச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஏலம் என்பது கடைசிக் கட்டம். சாதாரணக் குடியிருப்பு வீட்டுக்கு அந்தக் கட்டம் அபூர்வமாகத்தான் வரும். ஆனால் அதற்கு வெகு முன்பே, சில ஆயிரம் ரூபாய் பாக்கி உங்கள் கையைக் கட்டிப்போடும். வீட்டை விற்கப் போகும்போதும், பாகம் பிரிக்கும்போதும், வங்கிக் கடன் கேட்கும்போதும், குடிநீர் இணைப்பு கேட்கும்போதும் அது தெரியவரும்.

படி 1: வீடு யார் எல்லையில் இருக்கிறது?

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கழுகுமலை ஒரு பேரூராட்சி. கயத்தாறு, கடம்பூர், எட்டயபுரம் ஆகியவையும் பேரூராட்சிகள். கோவில்பட்டி நகராட்சி. இவற்றைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்கள் ஊராட்சிகளில் அடங்கும். ஊர் எல்லையை ஒட்டி வீடு கட்டியவர்கள், கழுகுமலைதானே என்று பேரூராட்சி அலுவலகத்துக்கு அலைந்துவிட்டு, பிறகு பக்கத்து ஊராட்சியில்தான் தங்கள் பதிவு இருக்கிறது என்று அறிவதுண்டு.

இந்த வேறுபாடு சட்டத்திலும் உண்டு. ஊராட்சி வீடுகளுக்கு 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பொருந்தும். பேரூராட்சிகளும் நகராட்சிகளும் வெகுகாலம் 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் கீழ் இருந்தன. இப்போது 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் 2023-ஆம் ஆண்டு விதிகளும் நடப்பில் உள்ளன. அவை 13.4.2023 முதல் அமலுக்கு வந்தன. உங்களுக்கு வந்த நோட்டீஸில் எந்தச் சட்டம் குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பிறகு நீங்கள் எழுதப்போகும் எந்த மனுவிலும் அந்தச் சட்டத்தின் பெயர் இருக்க வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலரிடம் கட்டும் நிலத் தீர்வை வேறு, உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி வேறு. தீர்வை ரசீதைக் காட்டி வரி கட்டியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. காலிமனைக்கும் பேரூராட்சியில் வரி உண்டு.

படி 2: எவ்வளவு, எப்போது?

பேரூராட்சி, நகராட்சிகளில் சொத்து வரி அரையாண்டு வரி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை அடுத்தது. அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாட்களுக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 30-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கும். அதன் உச்சவரம்பு 5,000 ரூபாய். கெடு தவறினால் மாதம் 1 சதவீதம் தனிவட்டி.

ஒரு கணக்குப் பார்ப்போம். அரையாண்டு வரி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருஷம் கட்டவில்லை. பத்து அரையாண்டுக்கு அசல் 6,000 ரூபாய். கெடு முடிந்த மறுமாதத்திலிருந்து ஒவ்வொரு பாக்கிக்கும் வட்டி ஓடினால் அது 1,920 ரூபாய். ஆக மொத்தம் 7,920 ரூபாய். அதே வரியை முதல் மாதத்திலேயே கட்டி வந்திருந்தால் கழிவு போக 5,700 ரூபாயில் முடிந்திருக்கும். ஆக, கட்டாமல் விட்டதற்கு விலை 2,220 ரூபாய். இதில் வரி உயர்வைச் சேர்க்கவில்லை.

வரி உயரத்தான் செய்கிறது. 2022 ஏப்ரலில் தமிழகம் முழுவதும் பொதுச் சீராய்வு நடந்தது. பேரூராட்சிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புக்கு 25 சதவீதமும், 1,200 சதுர அடி வரை 50 சதவீதமும், 1,800 வரை 75 சதவீதமும், அதற்கு மேல் 100 சதவீதமும் கூடியது. பழைய ரசீதில் உள்ள தொகையை நம்பி மனக்கணக்குப் போடுபவர்கள் அலுவலகத்தில் திகைத்துப்போவது இதனால்தான்.

இந்த மண்ணுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். அக்டோபர் என்பது புரட்டாசிக் கடைசியும் ஐப்பசியும். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதையும் உரமும் வாங்கி, உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் பருத்தியும் போடும் நேரம் அது. அதோடு தீபாவளியும் வந்துவிடும். மானாவாரி விவசாயி கையில் காசு மிகக் குறைவாக இருக்கும் மாதத்தில் இரண்டாவது அரையாண்டு வரி வந்து நிற்கிறது. பாக்கி பெரும்பாலும் இந்த அக்டோபர் தவணையில்தான் தொடங்குகிறது. வெள்ளாமை வீடு வந்து விற்ற கையோடு, மாசி பங்குனியிலேயே அந்த ஆண்டின் இரண்டு தவணைக்கும் பணத்தைத் தனியே எடுத்து வைப்பதே பாதுகாப்பு. வெளியூரில் இருப்பவர்கள் எப்படியும் கழுகாசலமூர்த்தி கோயில் பங்குனி உத்திரத் தேருக்கு ஊர் வருவார்கள். புதிய அரையாண்டு தொடங்குவதும் அதே ஒட்டில்தான். இப்போது இணையத்திலும் கட்டலாம். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ஒரு தளமும் ஊராட்சிகளுக்குத் தனித் தளமும் உள்ளன. இரண்டுக்கும் தேவை உங்கள் வரிவிதிப்பு எண். பழைய ரசீதில் அது இருக்கும்.

படி 3: கட்டாவிட்டால் என்ன நடக்கும், எந்த வரிசையில்?

முதலில் கேட்பு. பில் வரும், பிறகு கெடு குறித்த அறிவிப்பு வரும். இந்த அறிவிப்பு ஒரு சடங்கு இல்லை. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் வசூலிக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 265-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டப்படி அன்றி ஒருவரின் சொத்தைப் பறிக்கக் கூடாது என்று 300-ஏ பிரிவு சொல்கிறது. அதனால் அறிவிப்பு கொடுக்காமல் எடுக்கும் நடவடிக்கையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியும். ஆனால் நோட்டீஸை வாங்க மறுப்பதோ கிழித்துப்போடுவதோ உங்களைக் காப்பாற்றாது. வாங்குங்கள், தேதியைக் குறியுங்கள், உறையையும் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது குடிநீர். உள்ளாட்சி அலுவலர்களுக்கு எளிதான ஆயுதம் இணைப்பைத் துண்டிப்பது. கோவில்பட்டிக்கே சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வந்தாக வேண்டிய வறண்ட வட்டாரம் இது. இங்கே தெருக்குழாயில் நாள்கணக்கில் காத்திருந்த பெண்களுக்குத்தான் வீட்டுக் குழாயின் அருமை தெரியும். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் குழாயைத் துண்டிப்பது மற்ற எல்லா நடவடிக்கையையும்விடக் கொடியது என்பது என் கருத்து. அப்படி ஒரு எச்சரிக்கை வந்தால், வீட்டில் இருக்கும் முதியோர், நோயாளிகள் பற்றிய விவரத்தோடு உடனே எழுத்தில் அவகாசம் கேளுங்கள். முடிந்த தொகையையும் அன்றே கட்டுங்கள்.

மூன்றாவது ஜப்தி. வீட்டிலுள்ள அசையும் பொருளைக் கைப்பற்றி விற்று வரியை ஈடுகட்டுவது. கடைகள், மண்டபங்கள் என்றால் பூட்டி முத்திரை வைப்பதை நகரங்களில் பார்க்கிறோம்.

நான்காவது நீதிமன்றம். உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பு வழியாக வசூலிக்கும்போது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு ஒரு வேலி போடுகிறது. உடுதுணி, படுக்கை, சமையல் பாத்திரங்கள், மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத தாலி போன்ற நகை, கைத்தொழிலாளியின் கருவிகள், விவசாயியின் ஏர்க்கருவிகள், பிழைப்புக்கு வேண்டிய உழவுமாடு, விதைத் தானியம் ஆகியவற்றை ஜப்தி செய்யக் கூடாது. தையல்காரரின் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று யாராவது மிரட்டினால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

நோட்டீஸில் வருவாய் மீட்புச் சட்டம் என்ற பெயர் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 1864-ஆம் ஆண்டுச் சட்டம் அது. நிலவரிப் பாக்கி போல வசூலிக்கும் வழி. வீடும் நிலமும் ஏலத்துக்கு வரக்கூடியது இதில்தான். அதிலும் ஏலத்துக்கு முன் அறிவிப்பு வெளியிட வேண்டும். ஏலம் நடந்த பிறகும் 30 நாட்களுக்குள் பாக்கித் தொகையோடு ஏலத்தொகையில் 5 சதவீதத்தைச் சேர்த்துக் கட்டினால், ஏலத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஏலத்தில் முறைகேடோ மோசடியோ நடந்திருந்தாலும் அதே 30 நாட்களுக்குள் மனு செய்ய வேண்டும். அந்த 30 நாள் போய்விட்டால் வழி குறுகிவிடும்.

சிறை பற்றிய பயத்துக்கும் பதில் சொல்கிறேன். நீதிமன்றத் தீர்ப்புக் கடன் குறித்து 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், நேர்மையாகவே கட்ட வழியில்லாத ஒருவரை ஏழ்மைக்காகச் சிறையில் அடைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். வசதி இருந்தும் ஏமாற்றுகிறவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

ஏலத்தில் மிச்சமாகும் பணம் யாருக்கு என்பதில் அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. மினசோட்டா மாநிலத்தில் ஒரு மூதாட்டி ஏறத்தாழ 2,300 டாலர் வரி பாக்கி வைத்தார். வட்டியும் அபராதமும் சேர்ந்து அது 15,000 டாலர் ஆனது. ஹென்னெப்பின் கவுண்டி நிர்வாகம் வீட்டை 40,000 டாலருக்கு விற்று, மிச்சம் 25,000 டாலரையும் தானே வைத்துக்கொண்டது. அது தவறு என்று 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அப்போது அந்த அம்மாவுக்கு வயது 94. அரசுக்குச் சேர வேண்டியது வரி மட்டுமே, வீடு அல்ல என்ற அந்த நியாயத்தில் எனக்கு முழு உடன்பாடு.

படி 4: ஏலத்துக்கு முன்பே கடிப்பவை

உள்ளாட்சி வரி அந்த வீட்டின் மேலேயே ஒரு பாத்தியதையாக நிற்கிறது. 1920-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, நில வரிக்கு அடுத்தபடியாக, சொத்து வரிக்கு வீட்டின் மேல் முதல் பற்று உண்டு என்று எழுதப்பட்டிருந்தது. வங்கி அடமானத்தில் வீடு இருந்தாலும் வரி பாக்கி முன்னால் வந்து நிற்கும் என்பதே இதன் பொருள். அதனால்தான் கடன் கொடுக்கும் வங்கி கடைசி வரி ரசீதைக் கேட்கிறது.

வீடு வாங்குகிறவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் தெரியும். வரி பாக்கி அதில் வராது. பழைய வீட்டுக்காரர் வைத்த பாக்கிக்கு வாங்கியவர் பொறுப்பா? 1971-இல் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம், பாக்கி இருப்பது தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவரின் சொத்தின் மேல் அந்தப் பாத்தியதையைச் செலுத்த முடியாது, சட்டம் வெளிப்படையாக வேறு சொல்லியிருந்தாலொழிய, என்று சொன்னது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு அதற்கு அடிப்படை. ஆனால் விசாரித்திருக்க வேண்டியவர் விசாரிக்காமல் கண்ணை மூடிக்கொண்டாரா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனியே பார்ப்பார்கள். தீர்ப்பை நம்பி வாங்குவதைவிட, கிரயத்துக்கு முன்பு பேரூராட்சிச் செயல் அலுவலரிடம் நிலுவை இல்லை என்று எழுதி வாங்குவது ஒரு நாள் வேலை.

உள்ளாட்சித் தேர்தலில் நிற்க நினைப்பவருக்கு இன்னொன்று. நோட்டீஸ் கொடுத்தும் தீர்க்காத பாக்கி வேட்பாளர் தகுதியையே பறிக்கும். வேட்புமனு நாட்களில் வரி கவுன்டரில் கூட்டம் சேர்வது அதனால்தான்.

படி 5: பாக்கியைத் தீர்க்கும் முறை

நேரே அலுவலகம் போங்கள். மொத்தம் எவ்வளவு என்று வாய்மொழியாகக் கேட்டுத் திரும்பாதீர்கள். எந்த அரையாண்டுக்கு எவ்வளவு அசல், எவ்வளவு வட்டி, குடிநீர்க் கட்டணம் எவ்வளவு என்று பிரித்து எழுதிய கணக்கைக் கேளுங்கள். வீட்டில் ரசீது இருக்கும் அரையாண்டுகளே மறுபடி பாக்கியாக ஏறியிருப்பதும் உண்டு. பழைய புத்தகத்திலிருந்து கணினிக்கு மாற்றும்போது விடுபட்டிருக்கலாம். ரசீதைக் காட்டினால் திருத்துவார்கள். கணக்கைத் தர மறுத்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

ஒரே தடவையில் கட்ட இயலாதவர்கள் தவணை கேட்டு மனுக் கொடுக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்று அலுவலகத்தைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனாலும் முதல் தவணையைக் கையோடு கொண்டுபோய் மனுவோடு கட்டுபவருக்கும் வெறுங்கையோடு போகிறவருக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

பணத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், வரியைக் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் குறிப்பாக. மதுரை மாநகராட்சியில் கட்டடங்களுக்கு வரியைக் குறைத்துப் பதிந்த முறைகேடு வெளிப்பட்டு, 2025 ஜூலையில் மண்டலத் தலைவர்களே பதவி விலக நேர்ந்தது. அப்படிக் குறைத்துப் பதிந்த வரி ஒருநாள் மறுகணக்கில் சிக்கும். அப்போது வித்தியாசத் தொகை வீட்டுக்காரர் தலையில்தான் விழும், இடைத்தரகர் தலையில் அல்ல. கவுன்டரிலோ இணையத்திலோ கட்டி, ரசீதில் வரிவிதிப்பு எண்ணும் அரையாண்டும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

படி 6: தாத்தா பெயரிலேயே நிற்கும் வீடு

கழுகுமலை எட்டயபுரம் ஜமீனைச் சேர்ந்த ஊர். 1948-ஆம் ஆண்டின் சட்டத்தால் ஜமீன் ஒழிந்தது. பழைய தெருக்களில் பத்திரம் என்று ஒன்று இல்லாமலே தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பங்களுக்கு, தகரப்பெட்டியில் இருக்கும் வீட்டு வரி ரசீதுதான் முதல் ஆவணம். அதன் மதிப்பையும் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. நீங்கள் அனுபவத்தில் இருந்ததற்குச் சாட்சி ஆகும். பத்து வருஷம் வரி கட்டாமல் விட்டால், அந்தப் பத்து வருஷச் சாட்சியும் போய்விடும். இடத்தகராறு வரும்போது வட்டியைவிட இது பெரிய இழப்பு.

செத்தவர் பெயரில் நோட்டீஸ் வந்தால், அவர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பாக்கி வீட்டின் மேல் நிற்கிறது. வாரிசுகள்தான் தீர்க்க வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை அல்லது கிரயப் பத்திரம் இவற்றோடு பெயர் மாற்ற மனுவைக் கொடுங்கள். நிலுவை தீர்ந்த ரசீதையும் கேட்பார்கள். அண்ணன் தம்பிகளுக்குள் இன்னும் பாகம் ஆகவில்லை என்றால், இப்போதைக்கு ஒருவர் கட்டிவிட்டு மற்றவர்களிடம் பங்கைக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். பாகம் பேசி முடியட்டும் என்று காத்திருப்பதில் எல்லோருக்கும் நஷ்டம். வரி கட்டியவருக்கு மட்டுமே வீடு சொந்தமாகிவிடும் என்ற பயத்தில் தடுப்பவர்களும் உண்டு. அப்படி ஆகாது.

படி 7: வரியே தவறு என்றால்

அளவு கூடுதலாகப் பதிந்திருக்கலாம், குடியிருப்பைக் கடை என்று போட்டிருக்கலாம், இடித்த கட்டடத்துக்கும் வரி வந்திருக்கலாம். இவற்றுக்கெல்லாம் நோட்டீஸில் சொன்ன நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுத்து, மனு பெற்றதற்கு ஒப்புதல் வாங்க வேண்டும். அதுவே பதிவுத் தபாலில் போனால் இன்னும் நல்லது. மறுக்காத தொகையை இதற்கிடையில் கட்டிவிடுங்கள். வட்டி ஓடுவது அந்த அளவுக்கு நிற்கும்.

அவசரப்பட்டு நேரே நீதிமன்றம் போக வேண்டாம். 2020-இல் நடிகர் ரஜினிகாந்த், தம் கோடம்பாக்கம் ராகவேந்திரா கல்யாண மண்டபம் ஊரடங்கில் மூடிக் கிடந்தது என்று சொல்லி, சுமார் 6.5 லட்சம் ரூபாய் அரையாண்டு வரியை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் போனார். மாநகராட்சிக்குச் செப்டம்பர் 23-இல் கடிதம் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வந்தது ஏன் என்று நீதிபதி கேட்டார். செலவுத்தொகை விதிக்க நேரும் என்றும் எச்சரித்தார். மனு திரும்பப் பெறப்பட்டது. மறுநாளே வரியும் கட்டப்பட்டது. வீடு காலியாக இருக்கிறது, இடிந்துவிட்டது என்பதையெல்லாம் அரையாண்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதை இந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அலுவலகம் பதிலே தராவிட்டாலோ சட்டத்துக்கு மாறாக நடந்தாலோ, தூத்துக்குடி மாவட்டத்துக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்பதற்காக நோட்டீஸைக் கிடப்பில் போடாதீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. குறைந்த வருமானம் உள்ள மற்றவர்களுக்கும் உண்டு. தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்து, தனியே குடும்பம் நடத்தும் எந்தப் பெண்ணுக்கும் அது உரிமை. நோட்டீஸை எடுத்துக்கொண்டு கோவில்பட்டி நீதிமன்ற வளாகத்துக்குப் போய் வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள். போக முடியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.